அக்கினி மூலையில் ஒரு செயற்கைக்கோள்

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், வைத்தியநாத சுவாமி கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில், பழைய வீட்டு மொட்டை மாடிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தால் சில மாடிகளில் துருவேறிய ஜிஐ குழாய்கள் இன்னும் நிற்பது தெரியும். கைப்பிடிச் சுவரில் கிளாம்ப் போட்டு இறுக்கிய இரண்டங்குலக் குழாய். உச்சியில் இருந்த அலுமினியக் கம்பிகளைக் காற்றும் குரங்கும் பிய்த்துப் போட்டு வெகுநாள் ஆயிற்று. இப்போது அதில் துணி காயப்போடக் கயிறு கட்டியிருப்பார்கள். அந்தக் குழாயை நட்ட காலத்தில் அதன் தலையில் இருந்த ஆன்டெனா எந்தப் பக்கம் பார்த்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால், தென்கிழக்கைக் காட்டுவார்கள். சென்னை இருப்பது வடகிழக்கில். தென்கிழக்கில் இருப்பது இலங்கை.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அது நேர்கோட்டில் ஏறத்தாழ 490 கிலோமீட்டர். இடையில் முழுக்கத் தரை. 1982 பிப்ரவரி 15 அன்று இலங்கையில் ரூபவாகினி தொடங்கியது. அந்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகலையில், 2,524 மீட்டர் உயரத்தில், அதன் கோபுரங்களில் ஒன்று நின்றது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அது சுமார் 445 கிலோமீட்டர். தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனாலும் சென்னை தெரியவில்லை, ரூபவாகினி தெரிந்தது. தென் மாவட்டங்களில் டிவி வாங்கிய முதல் தலைமுறை சிங்களச் செய்தியைப் புரியாமலும் கிரிக்கெட்டைப் புரிந்தும் பார்த்தது இப்படித்தான்.

தொலைக்காட்சி அலைகள் ஏறக்குறைய ஒளியைப் போல நேராகப் போகிறவை. பூமி உருண்டை என்பதால் ஓர் எல்லைக்குப் பிறகு அலை தலைக்கு மேலே போய்விடும். பிதுருதலாகல உச்சியிலிருந்து அடிவானம் சுமார் 200 கிலோமீட்டர். இந்தப் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர் கடல்மட்டத்திலிருந்து இருக்கும் உயரத்தையும் குழாயின் உயரத்தையும் சேர்த்தால் இன்னும் ஐம்பது கிலோமீட்டர் கிடைக்கும். இரண்டையும் கூட்டினால் 250. மீதி இருநூறு கிலோமீட்டரைத் தாண்டிப் படம் எப்படி வந்தது?

மன்னார் வளைகுடா கொண்டுவந்து சேர்த்தது. வழக்கமாக மேலே போகப் போகக் காற்று குளிரும். சில நாட்களில், முக்கியமாகக் காற்று அசையாத மாலையிலும் இரவிலும், கடலை ஒட்டி ஈரமான குளிர்ந்த காற்று படிந்திருக்க, அதன் மேல் நிலத்திலிருந்து வந்த வறண்ட வெப்பக் காற்று மூடிக்கொள்ளும். இந்த இரு அடுக்குகளின் எல்லையில் அலை கீழ்நோக்கி வளையும். வளைவு பூமியின் வளைவை எட்டிவிட்டால், அலை கடல்பரப்பை ஒட்டியே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். தரையில் இப்படிப்பட்ட அடுக்கு அமைந்தாலும் மேடுபள்ளமும் பகல் வெயிலும் அதைக் கலைத்துவிடும். கடலில் அது நீளமாக, குலையாமல் நிற்கும். ரூபவாகினி ஒரு நாள் பளிச்சென்று தெரிந்ததும் மறுநாள் வெறும் புள்ளியாக இரைந்ததும் இதனால்தான். அன்றைக்குத் திட்டு வாங்கியதெல்லாம் ஆன்டெனாவும் அதைத் திருப்பிய பையனும்.

அந்த ஆன்டெனாவை ஒரு தடவை கிட்டத்தில் பார்த்துவிடலாம், ஏனென்றால் இன்றைய டிஷ்ஷைத் தேர்ந்தெடுக்கவும் அதே கணக்குத்தான். நடுவில் ஒரு நீண்ட தண்டு. அதன் குறுக்கே மீன் முள்போல கம்பிகள். பின்கோடியில் இருப்பது மற்றவற்றைவிடச் சற்று நீளம். அது அலையைத் திருப்பி முன்னால் தள்ளும். அதற்கு முன்னால் வளையமாக மடித்த கம்பி. தட்டையான ரிப்பன் ஒயர் கிளம்புவது அதிலிருந்துதான். அதற்கும் முன்னால் வரிசையாகக் குட்டைக் கம்பிகள். இவற்றுக்கு ஒயர் கிடையாது. அலையை வாங்கி ஒயர் உள்ள கம்பியின் மேல் குவித்துக் கொடுப்பதுதான் இவற்றின் வேலை. ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் ஷின்டாரோ உடா, ஹிடெட்சுகு யாகி இருவரும் 1926இல் வெளியிட்ட அமைப்பு இது. உழைத்ததில் பெரும் பங்கு உடாவுடையது. உலகம் சொல்வதோ யாகி ஆன்டெனா என்று.

கம்பியின் நீளத்தைத் தீர்மானிப்பது அலையின் நீளம். ரூபவாகினி பயன்படுத்திய விஎச்எஃப் அலைவரிசையில், 180 மெகாஹெர்ட்ஸ் என்று எடுத்துக்கொண்டால், அலைநீளம் 1.67 மீட்டர். கம்பி அதில் பாதி, அதாவது முக்கால் மீட்டருக்குச் சற்று மேல். யுஎச்எஃப்பில் 550 மெகாஹெர்ட்ஸ் என்றால் அதே கம்பி ஒன்றேகால் சாண்தான் வரும். ஆகவே ஆன்டெனா வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான்: எந்த அலைவரிசை, எந்தத் திசை. எத்தனை கம்பி என்பது அதற்குப் பிறகு. கம்பி கூடக்கூட ஆன்டெனாவின் பார்வை குறுகி, கூர்மையாகும். பத்துக் கம்பி வைத்த நல்ல யாகி, எல்லாத் திசையிலும் ஒரேபோல வாங்கும் ஆன்டெனாவைப் போலப் பத்துப் பதினைந்து மடங்கு சிக்னலை எடுக்கும். கம்பியை இருபதாக்கினால் லாபம் இரட்டிப்பாகாது. குழாய்தான் காற்றில் இன்னும் ஆடும்.

பூஸ்டர் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் படம் சரியில்லை என்றதும் கடையில் முதலில் எடுத்து நீட்டுவது அதைத்தான். பூஸ்டர் சிக்னலை மட்டும் பெருக்குவதில்லை, கூடவே வரும் இரைச்சலையும் பெருக்கும், தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலும் சேர்க்கும். திருவிழாக் கூட்டத்தில் தூரத்து ஆள் பேசுவது கேட்கவில்லை என்று மைக்கை வைத்தால் கூட்டத்தின் சத்தமும் சேர்ந்து பெரிதாகும், அதே கதைதான். பூஸ்டரால் பயன் உண்டு, ஆனால் நீளமான ஒயரில் சிக்னல் தேய்வதை ஈடுகட்டும் அளவுக்குத்தான். அதனால் அதை மாடியில் ஆன்டெனாவின் காலடியிலேயே வைக்க வேண்டும். டிவிக்குப் பக்கத்தில் வைத்தால், ஏற்கெனவே தேய்ந்து வந்ததைப் பெரிதாக்கிப் பார்ப்பதோடு சரி.

1980களின் பிற்பாதியில் கொடைக்கானலில் தூர்தர்ஷன் கோபுரம் வந்தது. தென் தமிழகத்தின் ஆன்டெனாக்களில் பெரும்பகுதி அந்தப் பக்கம் திரும்பியது. கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நேர் வடக்கே, சற்றே மேற்காக, 80 கிலோமீட்டர்தான். காகிதத்தில் இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் வரைபடத்தை விரித்து இரண்டு ஊருக்கும் ஒரு கோடு போட்டால், அது தேனிப் பள்ளத்தாக்கைக் கடந்து, சதுரகிரியும் வருசநாடும் உள்ள மலைத்தொடரின் மேல் வந்து மோதும். அந்த இடத்தில் கோட்டின் உயரம் எழுநூறு மீட்டர் சுமார். மலை ஆயிரத்தைத் தாண்டி நிற்கிறது. ஆக, ஸ்ரீவில்லிபுத்தூர் கொடைக்கானலுக்கு மலையின் நிழலில் இருக்கிற ஊர்.

நிழல் என்றால் முழு இருட்டு இல்லை. மலை முகட்டில் பட்ட அலையில் ஒரு பங்கு முகட்டைச் சுற்றி வளைந்து கீழே இறங்கும். அலைநீளம் கூடினால் இறங்குவதும் கூடும். விஎச்எஃப் ஓரளவு இறங்கும், யுஎச்எஃப் அதைவிடக் குறைவு. மலையடிவாரத்தை விட்டு விலக விலக நிழல் மெலியும். இப்படி இறங்கி வரும் அலையோடு வேறு பாறைச்சரிவில் பட்டுத் திரும்பிய அலையும் வந்து சேரும். இரண்டாவது வழி நீளம் என்பதால் அது சற்றுத் தாமதமாக வரும். திரையில் ஒரே ஆளுக்குப் பக்கத்தில் அவரது மங்கலான நகல் நிற்கும். இதற்கு ஆன்டெனாவைக் குழாயில் நாலடி ஏற்றுவதோ இறக்குவதோ, மாடியின் மறுகோடிக்கு மாற்றுவதோ பலன் தரும். உயரமாகப் போனால்தான் நல்லது என்ற நம்பிக்கை இந்த இடத்தில் உதவாது.

இனி டிஜிட்டல். ஆன்லைன் கடைகளில் டிஜிட்டல் ஆன்டெனா, எச்டி ஆன்டெனா, 4கே ஆன்டெனா என்று விற்கிறார்கள். சில விளம்பரங்களில் முந்நூறு கிலோமீட்டர் எட்டும் என்றும் போட்டிருக்கும். ஆன்டெனாவுக்கு டிஜிட்டலும் தெரியாது, அனலாக்கும் தெரியாது. அதன் கம்பியில் ஓடுவது மின்னோட்டம், அவ்வளவே. அதிலிருந்து படத்தைப் பிரித்தெடுப்பது டிவியின் அல்லது செட்டாப் பாக்ஸின் வேலை. சரியான அலைவரிசைக்கு அளவெடுத்த நாற்பது வருடப் பழைய யாகியும் டிஜிட்டல் சிக்னலை வாங்கும். வித்தியாசம் தெரிவது திரையில். அனலாக்கில் சிக்னல் குறையக் குறையப் புள்ளிகள் கூடும், குரல் கரகரக்கும், ஆனாலும் ஆட்டத்தின் ஸ்கோரைப் படித்துவிடலாம். டிஜிட்டலில் ஓர் அளவு வரை படம் அப்பழுக்கில்லாமல் இருக்கும். அதற்குக் கீழே ஒரு நூல் இறங்கினால் கட்டம் கட்டமாக உடையும். இன்னொரு நூல் இறங்கினால் நோ சிக்னல். சுமாரான ஆன்டெனாவை வைத்துச் சமாளித்த காலம் அனலாக்கோடு போயிற்று.

தூர்தர்ஷன் 2016 பிப்ரவரியில் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பைப் பதினாறு நகரங்களில் அறிவித்தது. அந்தப் பட்டியலில் தமிழகத்திலிருந்து இருந்தது சென்னை மட்டுமே. பிறகு, 2022 மார்ச்சுக்குள், எல்லைப்புறம் போன்ற சுமார் ஐம்பது இடங்கள் நீங்கலாக நாடெங்கும் அனலாக் ஒளிபரப்பிகளை மூடும் திட்டம் வந்தது. 490 கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையிலிருந்து வரும் யுஎச்எஃப் சிக்னலை மடவார் வளாகத்தில் எந்த விளம்பர ஆன்டெனாவும் பிடிக்காது. இந்த ஊரில் அப்படி ஒன்றுக்குப் பணம் கொடுப்பது வீண் என்று தயங்காமல் சொல்வேன். இங்கே மாடியில் வைக்கத் தகுந்த டிஜிட்டல் ஆன்டெனா டிஷ்தான்.

மாதச் சந்தா இல்லாமல் பார்க்க விரும்புகிறவருக்கு தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் இருக்கிறது. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியது. இப்போது அது வருவது, 2015 நவம்பரில் ஏவப்பட்ட ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில், 36,000 கிலோமீட்டர் உயரத்தில் அது நிற்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் ராஜபாளையத்திலிருந்தும் பார்த்தால் திசைகாட்டியில் 120 டிகிரி, அதாவது கிழக்கிலிருந்து தெற்காக முப்பது டிகிரி. பிதுருதலாகலையின் திசை 128. தாத்தா ரூபவாகினிக்காகக் குழாயைத் திருப்பிய அதே அக்கினி மூலைக்குத்தான் பேரனும் டிஷ்ஷைத் திருப்புகிறான். திசை ஒன்றுதான், ஆனால் தாத்தாவின் ஆன்டெனா தொடுவானத்தைப் பார்த்தது, பேரனுடையது 68 டிகிரி அண்ணாந்து பார்க்கிறது.

அந்த 68 டிகிரிதான் இந்த ஊருக்குக் கிடைத்த பெரிய சலுகை. மேற்கே மலை எவ்வளவு உயரமாக இருந்தாலும் இனிக் கவலையில்லை. டிஷ்ஷைவிட உயரமான எந்தப் பொருளும், அந்தக் கூடுதல் உயரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு தூரத்துக்குள் இருந்தால்தான் மறைக்கும். பக்கத்து வீட்டுத் தென்னை டிஷ்ஷுக்கு மேல் இருபதடி நிற்கிறதா? எட்டடி தள்ளி இருந்தால் போதும், மட்டையின் விரிவுக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்டாள் கோவில் ராஜகோபுரம் 192 அடி. அதுவேகூட எழுபத்தேழு அடிக்கு உள்ளே வந்து வீடு கட்டினவரின் டிஷ்ஷைத்தான் மறைக்கும். டெல்லியில் இவ்வளவு தாராளம் கிடையாது. வடக்கே போகப் போகச் செயற்கைக்கோள் தாழ்ந்துகொண்டே போகும்.

மாடியில் உள்ள டிஷ்ஷைப் பார்த்தால் அது 68 டிகிரி அண்ணாந்திருப்பதாகத் தெரியாது, பாதிதான் சாய்ந்திருக்கும். காரணம், வீட்டு டிஷ்கள் ஒரு பெரிய கிண்ணத்தின் நடுவை விட்டு ஓரத்திலிருந்து வெட்டிய துண்டுகள். குவியும் புள்ளி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருக்கும். அந்தப் புள்ளியில் நின்று சிக்னலை வாங்கும் எல்என்பியைத் தாங்கும் கை கீழிருந்து நீளுவது அதனால்தான். எல்என்பியின் நிழல் டிஷ்ஷின் மேல் விழாமலிருக்கச் செய்த ஏற்பாடு. இதில் முகம் காட்டும் கோணத்தைவிட இருபத்துச் சொச்சம் டிகிரி மேலே பார்வை இருக்கும். முதல்முறை தானே கட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள்: டிஷ்ஷின் முகத்தை 68க்கு வைத்துவிட்டு, சிக்னலே இல்லை என்பார்கள்.

அடுத்த வீட்டு டிஷ்ஷைப் பார்த்து அதேபோல் வைப்பது பழைய தந்திரம். வைக்கலாம், ஆனால் அது யாருடைய டிஷ் என்று பார்க்க வேண்டும். கட்டண டிஷ் சேவையான டாடா பிளேயின் செயற்கைக்கோள் 83 டிகிரியில் இருக்கிறது. இங்கிருந்து 77 டிகிரி உயரம், ஏறக்குறைய உச்சிக்கே. ஏர்டெல் 108.2 டிகிரியில், உயரம் 53தான், திசையும் கிழக்கை ஒட்டிப் போகும். பழகிய கண், மாடியில் டிஷ் நிற்கும் சாய்வைப் பார்த்தே கம்பெனியைச் சொல்லிவிடும்.

இதில் கோணப் பிழைக்கு இடம் எவ்வளவு என்பதைத் தமிழ்நாடு 2010இல் பார்த்தது. ஜூலை மாதம் இன்சாட்-4பி செயற்கைக்கோளின் மின்வழங்கலில் கோளாறு ஏற்பட்டு, அதன் ஒளிபரப்புக் கருவிகளில் பாதியளவை அணைக்க வேண்டி வந்தது. சன் டைரக்ட் அப்போது 93.5 டிகிரியில் இருந்த அந்தச் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. பிறகு 91.5 டிகிரியில் இருந்த மலேசியாவின் மீசாட்-3க்கு மாறியது. வானத்தில் இரண்டே டிகிரி நகர்வு. ஆனால் அறுபது சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை மொத்தமே மூன்று டிகிரி அகலம், நடுவிலிருந்து ஒன்றரை டிகிரி விலகினாலே பாதி சிக்னல் போய்விடும். வீடுவீடாக டிஷ்ஷைத் திருப்பியாக வேண்டியிருந்தது.

ஃப்ரீ டிஷ்ஷின் அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டரை ஒட்டியது. அதனால்தான் அறுபது சென்டிமீட்டர் தட்டு, முன்பு சொன்ன எல்லாத் திசை ஆன்டெனாவைப் போல மூவாயிரம் மடங்கு வாங்குகிறது. அந்த நீண்ட யாகிக்குக் கிடைத்தது வெறும் பதினைந்து. அதே காரணத்தால்தான் தட்டில் சில மில்லிமீட்டர் நெளிவு இருந்தாலும் குவியம் கெடும். குரங்கு தொங்கி ஒடுக்கிய டிஷ்ஷைத் தட்டி நிமிர்த்துவதைவிடப் புதிது வாங்குவது மலிவு. அறுபதா தொண்ணூறா என்ற கேள்விக்கு மழைதான் பதில் சொல்ல வேண்டும். இவ்வளவு குட்டையான அலைக்கு மழைத்துளி பெரிய தடை. தொண்ணூறு சென்டிமீட்டர் தட்டின் பரப்பு இரண்டேகால் மடங்கு. ஐப்பசி அடைமழையில் சிக்னல் அறுகிற நேரம் குறையும், ஆனால் இடியோடு கொட்டும்போது அதுவும் அறும். பெரிய தட்டின் பார்வை இரண்டு டிகிரியாகக் குறுகும் என்பதால் காற்றில் அசையாத கனமான தாங்கியும் வேண்டும். வீட்டில் ஒரு டிவிதான், மழையில் பத்து நிமிடம் போனால் பரவாயில்லை என்றால் அறுபதே போதும்.

பெரும்பாலோர் கவனிக்காமல் விடுவது எல்என்பியின் திருகல். செயற்கைக்கோளிலிருந்து அலைகள் இரண்டு குறுக்குத் தளங்களில் அதிர்ந்து வருகின்றன. சில சேனல் ஒன்றில், சில மற்றதில் வரலாம். எல்என்பிக்கு உள்ளே இரண்டு சிறு ஊசிகள் ஆளுக்கொன்றை வாங்கும். செட்டாப் பாக்ஸ் 13 வோல்ட் அனுப்பினால் ஒரு ஊசி, 18 வோல்ட் அனுப்பினால் மற்றது. பூமி உருண்டை என்பதால் நம் ஊரில் அந்தத் தளங்கள் சாய்ந்து வந்து சேரும். டெல்லியில் அந்தச் சாய்வு 27 டிகிரி. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் உள்ள நமக்குக் கணக்குப்படி 58 டிகிரி. வடநாட்டு வீடியோ ஒன்றைப் பார்த்து எல்என்பியை இறுக்கிவிட்டு, சில சேனல் வருகிறது, சில வரவில்லை, பாக்ஸ் கோளாறு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். பிடியைத் தளர்த்தி, திரையில் ஸ்ட்ரெங்த் என்ற கோட்டை விட்டுவிட்டு குவாலிட்டி என்ற கோட்டைப் பார்த்துக்கொண்டே மெல்லத் திருப்பினால் போதும். ஸ்ட்ரெங்த் என்பது இரைச்சலையும் சேர்த்துக் காட்டும். வேறு செயற்கைக்கோளைப் பார்த்தாலும் அது ஏறும்.

எல்லாம் வைத்து முடித்த பிறகு, மரமோ தண்ணீர்த் தொட்டியோ குறுக்கே வருகிறதா என்று பார்க்கச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. வருடத்தில் இரண்டு முறை சூரியன் அந்தச் செயற்கைக்கோளின் நேர் பின்னால் வந்து நிற்கும். இந்த ஊருக்கு மார்ச் 16ஐ ஒட்டிய நாட்களில் காலை பதினொன்றேகால் வாக்கில், செப்டம்பர் 27ஐ ஒட்டிய நாட்களில் பதினொன்றுக்குச் சற்று முன்பு. அந்தச் சில நிமிடங்கள் சூரியனின் சொந்த ரேடியோ இரைச்சலால் படம் உடையலாம்; டிஷ்ஷைத் தொடாதீர்கள், தானாகச் சரியாகும். அப்போது மாடிக்குப் போய்ப் பாருங்கள். தட்டு முழுவதும் வெயில் விழுந்தால் வழி சுத்தம். ஓர் ஓரத்தில் நிழல் விழுந்தால் எந்தக் கிளை இடைஞ்சல் என்று அந்த நிழலே காட்டிவிடும். வெட்ட மனமில்லையா, டிஷ்ஷை மாடியில் எட்டடி தள்ளி வைத்து மறுநாள் அதே நேரத்தில் இன்னொரு தடவை பாருங்கள்.